நல்ல காபியை நாக்கு எப்படிக் கற்றுக்கொள்கிறது?

இரவுப்பணி எழுதியது:

வருடக்கணக்காகக் காபி குடிக்கிறேன், பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்டுத்தான். சமீபத்தில் நண்பர் ஒருவர் லைட் ரோஸ்ட், அதாவது லேசாக வறுத்த எத்தியோப்பியக் காபியை எதுவும் சேர்க்காமல் போட்டுக் கொடுத்தார். எலுமிச்சை வருகிறதா, மல்லிகை தெரிகிறதா என்று ஆவலாகக் கேட்டார். எனக்குப் புளிப்பு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் நன்றாக ஆறிய பிறகு குடித்த கடைசி மிடறுகளில் ஏதோ மாறிவிட்டது. இனிப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் விழுங்கிய பிறகு வெகுநேரம் வாயிலேயே நின்றது.

அது என்ன என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. இந்த ருசியைப் பழக்கத்தால் வளர்த்துக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? இயந்திரம், சாமான் எல்லாம் வாங்குவதற்கு முன்பு நாக்கைப் பழக்க வழி உண்டா?


கறுப்புக்கோப்பை எழுதியது:

நிச்சயம் முடியும். ஆறிய மிடறில் வித்தியாசம் தெரிந்தது என்கிறீர்களே, அந்தக் கவனம்தான் முதலில் வேண்டியது. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும்போது நாக்குக்குச் சூடுதான் பெரிதாகத் தெரியும். சூடு 50 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பும் இனிப்பும் தனித்தனியாகப் பிரிந்து வரும். மோசமான காபி ஆறினால் வாயில் வைக்க முடியாது, நல்ல காபி ஆறும்போதுதான் பேசவே தொடங்கும்.

நாக்கை வளர்க்க எனக்குத் தெரிந்து ஒரே வழி, இரண்டு காபிகளை அருகருகே வைத்துக் குடிப்பது. ஒரு கோப்பையை மட்டும் குடித்தால் "சரி, காபி" என்று மனசு அதோடு முடித்துக்கொள்கிறது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால் இது கனமா அது கனமா, எதில் புளிப்பு கூர்மை என்று தானாகவே கேள்வி எழும். ருசியைப் பற்றிப் படிப்பதாலோ விலை உயர்ந்த கொட்டை வாங்குவதாலோ இது வராது.

காபியைத் தரம் பிரிப்பவர்கள் செய்யும் கப்பிங் என்ற ருசிச் சோதனையும் இதேதான். அதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டு கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள் என்பது கணக்கு, ஆகவே 200 மில்லிக்கு 11 கிராம். சற்றுக் கொரகொரப்பாக அரைத்த தூளைக் கிண்ணத்தில் போட்டு, முதலில் உலர்ந்த வாசனையைப் பிடியுங்கள். பிறகு 93 டிகிரி வாக்கில் தண்ணீர். வெப்பமானி இல்லாவிட்டால் கொதித்து அடங்கியதும் ஊற்றலாம். 4 நிமிடம் தொடாதீர்கள். தூள் மேலே மிதந்து தடிமனான ஓடு மாதிரி நிற்கும். மூக்கைக் கிண்ணத்துக்கு மேலே கொண்டுபோய், கரண்டியின் பின்புறத்தால் அந்த ஓட்டை மெல்ல உடையுங்கள். அப்போது எழும் ஆவியில்தான் அந்தக் காபியின் வாசனை மொத்தமாக வரும். அந்த நொடியைத் தவற விடாதீர்கள்.

நுரையை வழித்து எடுத்துவிட்டு, இன்னும் சில நிமிடம் பொறுத்து, கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சிக் குடியுங்கள். காற்றும் காபியும் ஒன்றாக உள்ளே போனால் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும்.

எலுமிச்சையா மல்லிகையா என்று தேடவே வேண்டாம். எது கனம், எது மெலிவு? புளிப்பு முதலில் வருகிறதா, விழுங்கும்போது வருகிறதா? விழுங்கிய பிறகு வாய் ஈரமாக இருக்கிறதா, வறண்டு பிடிக்கிறதா? சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது? முதலில் இதுபோதும்.

முதல் ஜோடி சுவையில் வெகு தூரமாக இருக்கட்டும். வாஷ்டு முறையில் (பழச்சதையை நீக்கிக் கழுவி) பதப்படுத்திய எத்தியோப்பியக் காபி ஒன்று, நேச்சுரல் முறையில் (பழத்தோடே உலர்த்தி) பதப்படுத்திய பிரேசில் காபி ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் யாருக்கும் தெரியும்.


இரவுப்பணி எழுதியது:

நன்றி, வார இறுதியில் செய்து பார்க்கிறேன். ஒரு சந்தேகம். பால், சர்க்கரை இல்லாமல் குடித்தால் எனக்கு முதலில் கசப்புதான் முன்னால் வந்து நிற்கிறது, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. இது காபியின் இயல்பா, போடும் விதத்தில் ஏதாவதா? சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டுமா?


மழைச்சாரல் எழுதியது:

கசப்பு ஒன்று அல்ல, பல. முதலில் காஃபீனைப் பழி சொல்வதை விடலாம். காஃபீன் நீக்கிய காபியும் கசக்கத்தானே செய்கிறது? கசப்பில் அதன் பங்கு சிறியது. பெரும்பகுதி வறுக்கும்போது உண்டாவது. பச்சைக் கொட்டையிலுள்ள குளோரோஜெனிக் அமிலங்கள் நடுத்தர வறுவலில் உடைந்து லாக்டோன் என்ற சேர்மங்களாக மாறும், அது இதமான கசப்பு. வறுவல் இன்னும் கறுக்கும்போது அவையும் சிதைந்து, நாக்கின் பின்பக்கத்தில் பிடித்துக்கொள்ளும் கரடான கசப்பு வரும்.

அப்புறம், போடும் விதத்தால் வரும் கசப்பு. இதைப் படித்துப் புரிந்துகொள்வதை விட ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். பேப்பர் பில்டர் வைத்து மேலிருந்து தண்ணீர் ஊற்றும் முறையில் காபி போடுங்கள். கீழே ஒரு கோப்பைக்குப் பதிலாக மூன்று கோப்பைகளை வரிசையாக மாற்றி மாற்றி வையுங்கள். இறங்குவதில் முதல் மூன்றில் ஒரு பங்கு ஒன்றில், நடுப்பங்கு ஒன்றில், கடைசிப்பங்கு ஒன்றில்.

முதல் கோப்பை கெட்டியாக, கறுப்பாக இருக்கும். வாயில் வைத்தால் புளிப்பு தாடையை இழுக்கும், கொஞ்சம் உப்புக்கரிப்பு கூடத் தெரியலாம். இரண்டாவது செம்பழுப்பாக, மூன்றிலும் மிக மென்மையாக, லேசான இனிப்போடு இருக்கும். மூன்றாவது வெளிறிப்போய் இருக்கும். அதில் மரப்பட்டை மாதிரி ஒரு கசப்பும் வாயை உலர்த்தும் துவர்ப்பும் மட்டும்தான். அந்த மூன்றையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கிக் குடியுங்கள். தனியாகக் குடிக்க முடியாத முதல் கோப்பையும் மூன்றாவது கோப்பையும் நடுக்கோப்பையோடு சேர்ந்ததும் முழுமையான காபி ஆகிவிடும். எனக்குக் காபியில் மிகப் பிடித்த பாடம் இதுதான்.

இதிலிருந்து ஒன்று பிடிபடும். தண்ணீர் தூளிலிருந்து முதலில் அமிலங்களை எடுக்கிறது, பிறகு இனிப்பான சமாச்சாரங்களை, கடைசியில் கசப்பையும் துவர்ப்பையும். சீக்கிரம் நிறுத்திவிட்டால் வெறும் புளிப்பு, அதிக நேரம் போனால் கசப்பு. தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை தண்ணீரில் இறங்கினால் நல்ல காபி என்று 1950களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற வேதியியலாளரின் ஆய்வு ஒரு வரம்பு சொன்னது. இன்றைக்கும் அதை ஒட்டித்தான் பேசுகிறார்கள். கோப்பை புளித்தால் இன்னும் நைசாக அரையுங்கள், கசந்து வறண்டால் கொரகொரப்பாக அரையுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை. பாலில் உள்ள புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும், சர்க்கரை கசப்பை அடக்கும். வழக்கமான காபி வழக்கம்போலவே இருக்கட்டும். ருசி பார்ப்பதற்கென்று வைத்த காபியில் மட்டும் எதையும் சேர்க்காதீர்கள்.


செம்மண் எழுதியது:

இழையில் ஒரு மாற்றுக்கருத்து. நல்ல காபி என்றாலே லைட் ரோஸ்ட், பழப்புளிப்பு, பூவாசனை என்று ஆக்கிவிட்டார்கள். எனக்குக் கறுத்த வறுவல்தான் பிடிக்கும். கனமாக இருக்க வேண்டும், சாக்லேட் மாதிரி, லேசாகப் புகை வர வேண்டும். ரோபஸ்டா என்ற காபி இனத்தைக் கலந்தால் வரும் அடர்த்தியும் நுரையும் பிடிக்கும். புதிதாக வருபவரிடம் புளிப்பான காபியைக் கொடுத்து, பிடிக்கவில்லை என்றால் நாக்கு இன்னும் பழகவில்லை என்று சொல்வது நியாயமில்லை. அவருக்குப் பிடித்தது வேறாக இருக்கலாம்.


கறுப்புக்கோப்பை எழுதியது:

செம்மண், நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். வறுவல் எந்த அளவு வேண்டும் என்பது அவரவர் விருப்பம். ரோபஸ்டாவையும் சேர்த்தே சொல்கிறேன். அதில் காஃபீன் மற்றோர் இனமான அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, சர்க்கரை குறைவு, அதனால் முரட்டுத்தனம் இருக்கும். ஆனாலும் பழுத்த பழமாகப் பறித்துக் கவனமாக உலர்த்திய ரோபஸ்டா அருமையாக இருக்கும். அதைத் தரம் பிரிப்பதற்கென்றே தனி அளவுகோலும் வந்துவிட்டது.

ஆனால் விருப்பம் வேறு, குறை வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் ருசி என்று நான் நினைக்கிறேன். கறுத்த வறுவலில் சாக்லேட் வருவது ஒரு விஷயம், சாம்பல் வருவது வேறு விஷயம். கறுக்க வறுத்தால் கொட்டையின் குறைகள் மறைந்துவிடும் என்பதற்காகவே வறுப்பவர்களும் உண்டு. நூற்றுக்கு 80 மதிப்பெண்ணாவது வாங்கினால்தான் ஸ்பெஷாலிட்டி, அதாவது உயர்தரக் காபி என்கிறார்களே, அந்த மதிப்பெண் போடுவதற்கு முன் முதலில் பார்ப்பதே பச்சைக் கொட்டையில் உள்ள குறைகளைத்தான்.

குறை என்றால் என்ன என்று வீட்டிலேயே பார்க்கலாம். நடுத்தர வறுவல் கொட்டையை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கும்போது ஆங்காங்கே சில மட்டும் வெளிறி, மங்கிய மஞ்சள் பழுப்பாகத் தெரியும். அவற்றைக் குவேக்கர் என்பார்கள். பழுக்காத காயிலிருந்து வந்த கொட்டை. சர்க்கரை சேராததால் வறுத்தாலும் நிறம் ஏறாது. அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, போதுமான அளவு சேர்ந்ததும் தனியாக அரைத்துப் போடுங்கள். பழைய வேர்க்கடலைத் தோலும் காய்ந்த காகிதமும் கலந்த மாதிரி ஒரு சுவை வரும், வாயை உலர்த்தும். பொறுக்கியது போக மீதிக் கொட்டையில் இன்னொரு கோப்பை போட்டுப் பக்கத்தில் வையுங்கள். அந்தச் சுவையை ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு எந்தக் காபியில் வந்தாலும் தெரிந்துவிடும். அதை விருப்பம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.


தெளிநீர் எழுதியது:

இத்தனை பதிவுகளிலும் தண்ணீரின் தரத்தைப் பற்றி ஒரு வரி கூட வரவில்லையே. கோப்பையில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான்.

தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் தூளிலிருந்து சுவையை இழுத்து எடுக்க உதவுகின்றன. பைகார்பனேட் வேறு வேலை செய்கிறது, அமிலத்தை அமர்த்திவிடுகிறது. கொஞ்சம் இருந்தால் புளிப்பு நிதானமாக இருக்கும். அளவு மீறினால் எத்தனை நல்ல கொட்டையானாலும் புளிப்பெல்லாம் செத்து, சுண்ணாம்பு கலந்த மாதிரி சப்பென்று போகும். எதுவுமே இல்லாத காய்ச்சி வடித்த நீரில் போட்டால் அதற்கு நேர்மாறு, தடுப்பார் இல்லாமல் புளிப்பு குத்தும், காபியின் கனம் குறைந்திருக்கும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 150 மில்லிகிராம், பைகார்பனேட்டால் வரும் காரத்தன்மை 40 மில்லிகிராம் வாக்கில் இருக்கட்டும் என்பது ஸ்பெஷாலிட்டி காபிச் சங்கம் சொல்லும் இலக்கு.

உங்கள் வீட்டுக் குழாய்நீர் கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிகிறதென்றால் எத்தியோப்பியக் காபியின் புளிப்பு அதில் பாதி கூட வராது. ஆர்ஓ தண்ணீர் என்றால் பெரும்பாலும் உப்புகள் குறைந்து போயிருக்கும். ஒரே கொட்டையை இரண்டு தண்ணீரில் போட்டு அருகருகே வைத்துப் பாருங்கள். கொட்டையை மாற்றியதை விடப் பெரிய வித்தியாசம் இதில் வருவதுண்டு.


இரவுப்பணி எழுதியது:

எனக்கு ஒரு பட்டியல் சொல்லுங்கள். முதலில் எதை வாங்குவது, பையின் மேல் எதைப் பார்ப்பது? உயரம், ரகம், பதப்படுத்தும் முறை என்று ஏகப்பட்ட விவரம் அச்சடித்திருக்கிறார்கள்.


மழைச்சாரல் எழுதியது:

முதலில் வறுத்த தேதி. அது இல்லாத பையை விட்டுவிடுங்கள். வறுத்தவுடன் கொட்டைக்குள் கரியமிலவாயு நிறைய இருக்கும், அதனால் சுடச்சுட வறுத்ததும் உடனே போட்டால் தண்ணீர் தூளுக்குள் சரியாக இறங்காது. லைட் ரோஸ்ட் என்றால் ஒரு வாரமாவது பொறுங்கள், பிறகு சில வாரம் நன்றாக இருக்கும். அரைத்த தூளை வாங்காதீர்கள். முழுக்கொட்டையில் வாரக்கணக்கில் நிற்கும் வாசனை, அரைத்ததும் வெகு வேகமாக ஓடிவிடும். சிக்கரி கலக்காததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ருசி பழகும்போது அது குழப்பும்.

ஆகவே முதல் செலவு கிரைண்டருக்கு. பிளேடு சுழலும் மிக்ஸி வகை வேண்டாம். அது கொட்டையைச் சிதறடிக்கும், பொடியும் கல்லுமாகக் கலந்து வரும். பொடி கசக்கும், கல் புளிக்கும், இரண்டும் ஒரே கோப்பையில். இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே நசுக்கி அரைக்கும் பர் வகை கைக்கிரைண்டர் போதும். இரண்டாவது கிராம் காட்டும் தராசு. காபி போட எதுவும் போதும், பேப்பர் பில்டரோ, தூளை ஊறவைத்து வடிகட்டியால் அழுத்தும் பிரெஞ்ச் பிரஸ்ஸோ. இயந்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பையில் உள்ள மற்ற விவரங்களில் பதப்படுத்தும் முறை நாக்குக்கு எளிதில் தெரியும். வாஷ்டு என்றால் பழச்சதையை நீக்கி ஊறவைத்துக் கழுவி உலர்த்தியது, சுவை தெளிவாக இருக்கும். நேச்சுரல் என்றால் பழத்தோடே உலர்த்தியது, கனமும் பழவாசனையும் கூடும், சில சமயம் புளித்த வாடை வரை போகும். ஹனி என்றால் தோலை நீக்கி, சதையின் பசையோடு உலர்த்தியது, இரண்டுக்கும் நடுவில். விளைந்த இடத்தின் உயரம் என்பது குளிர்ந்த இடத்தில் பழம் மெதுவாகப் பழுப்பதைக் குறிக்கிறது, அங்கே பெரும்பாலும் புளிப்பும் இனிப்பும் கூடும்.

ரகம் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும், அருகருகே வைத்துக் குடிக்க வேண்டும் என்று கறுப்புக்கோப்பை சொன்னதற்கும் அதுவே சான்று. கெய்ஷா என்ற ரகத்தின் விதை 1930களில் எத்தியோப்பியாவில் சேகரிக்கப்பட்டு, பல நாடுகள் சுற்றி, கோஸ்டா ரிகா வழியாகப் பனாமாவுக்கு வந்து சேர்ந்தது. பனாமாவில் எஸ்மரால்டா பண்ணையில் அந்த மரங்கள் மற்ற மரங்களோடு கலந்தே நின்றன, அறுவடையும் ஒன்றாகவே கலந்தது. பண்ணையை நடத்திய பீட்டர்சன் குடும்பத்தினர் ஒவ்வொரு பகுதியின் கொட்டையையும் தனித்தனியாகப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தபோதுதான், உயரத்தில் இருந்த ஒரு பகுதியில் மட்டும் பூவாசனை வீசுவதைக் கண்டார்கள். 2004ல் அந்தக் காபி பனாமாவின் போட்டியில் முதலிடம் பெற்றது, அதன்பின் உலகமே அந்த ரகத்தைத் தேடத் தொடங்கியது. மரம் பல வருடமாக அங்கேயே இருந்தது. தனியாகக் குடித்துப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியவில்லை.


இரவுப்பணி எழுதியது:

செய்து பார்த்துவிட்டேன். எத்தியோப்பியா வாஷ்டு, பிரேசில் நேச்சுரல், இரண்டும் ஒரே நாளில் வறுத்தவை. ஓட்டை உடைத்தபோது வந்த வாசனையிலேயே திகைத்துவிட்டேன். பிரேசில் கிண்ணத்தில் வறுத்த பருப்பும் கோகோவும். எத்தியோப்பியக் கிண்ணத்தில் காபி வாசனையே அல்ல, தேயிலைக்கும் எலுமிச்சைத் தோலுக்கும் நடுவே ஏதோ ஒன்று. முதலில் பிரேசில்தான் பிடித்தது. ஆற ஆற அது அப்படியே நின்றுவிட்டது, எத்தியோப்பியாவில் புளிப்பு அடங்கி இனிப்பு மேலே வந்தது. கடைசியில் கை தானாக அந்தக் கிண்ணத்துக்கே போனது.

ஆனால் மல்லிகை எனக்கு இன்னும் வரவில்லை. பையில் எழுதியிருக்கிறது. எல்லாரும் சொல்கிறார்கள்.


கறுப்புக்கோப்பை எழுதியது:

படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. மல்லிகையைப் பற்றி கவலை வேண்டாம். பையில் எழுதியிருப்பதை மனதில் வைத்துக் குடித்தால் அதைத் தேடுவதிலேயே கவனம் போய்விடும். பையைத் திருப்பி வைத்துவிட்டுக் குடியுங்கள்.

நாக்கு எடுத்துக்கொள்வது இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு, உமாமி (காளான், தக்காளியில் வரும் சுவை), அவ்வளவுதான். மற்றதெல்லாம் மூக்கு. ஒரு மிடறை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடியுங்கள், விழுங்கியதும் விரலை எடுத்து மூச்சை விடுங்கள். விரலை எடுத்த மறுகணம் வாய் முழுக்கச் சுவை வரும். வறுத்த காபியில் 800க்கும் மேற்பட்ட வாசனைப் பொருள்கள் இருக்கின்றன, அவற்றில் மிகச் சிலதான் உங்களுக்குப் பழக்கமான எதையாவது நினைவூட்டும். ஒருவருக்கு மல்லிகை, இன்னொருவருக்குத் தேயிலை. உங்கள் மூக்கு தேயிலை என்றால் அதையே குறித்துக்கொள்ளுங்கள். வாசனைகளை வழியில் முகர்ந்து பார்க்கும் பழக்கம் வையுங்கள். எலுமிச்சைத் தோலைக் கிள்ளி முகருங்கள், ஏலக்காயை உடைத்து முகருங்கள். பூ விற்கும் இடத்தில் நின்று மூச்சை இழுங்கள். நினைவில் இருக்கும் வாசனைதான் கோப்பையில் அடையாளம் தெரியும்.

அடுத்த படியாக முக்கோணச் சோதனை செய்து பாருங்கள். மூன்று கிண்ணங்களில் இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. அடியில் குறி போட்டு, வேறு யாரையாவது இடம் மாற்றச் சொல்லுங்கள். வேறானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எத்தியோப்பியா பிரேசில் என்றால் சுலபம். பிறகு ஒரே பண்ணையின் வாஷ்டும் நேச்சுரலும், பிறகு ஒரே நாட்டின் இரண்டு பகுதிகள் என்று நெருக்கிக்கொண்டே போங்கள். கண்டுபிடிக்க முடியாத இடம் வரும்போது நிறுத்துங்கள், அடுத்த முறை அங்கிருந்தே தொடங்குங்கள்.


செம்மண் எழுதியது:

நானும் வெளிறிய கொட்டைகளைப் பொறுக்கிப் பார்த்தேன். என் வழக்கமான கறுத்த வறுவலில் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை, எல்லாம் கறுப்பு. அதனால் அதே கொட்டையை நடுத்தரமாக வறுத்துத் தரச் சொல்லி வாங்கினேன். கொஞ்சம் இருந்தது. தனியாகப் போட்ட கோப்பை நீங்கள் சொன்ன மாதிரியேதான். நடுத்தர வறுவலும் எனக்குப் பிடித்திருக்கிறது, கனம் குறையவில்லை, சாக்லேட் கூடுதலாகவே தெரிகிறது. ரோபஸ்டாவை விட மாட்டேன், நல்லதாகத் தேடுகிறேன்.

ஒரு நடைமுறைக் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க நாலைந்து வகை வாங்கி வைத்தால் பழசாகிவிடுமே. உறைபெட்டியில் வைக்கலாமா?


மழைச்சாரல் எழுதியது:

தாராளமாக வைக்கலாம், ஒழுங்காக வைத்தால். ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, காற்று புகாத சிறு பைகளிலோ குப்பிகளிலோ அடைத்து வையுங்கள். பெரிய பையை எடுத்துத் திறந்து மறுபடி உள்ளே வைத்தால் ஈரம் படிந்து கெட்டுவிடும். வறுத்து ஒரு வாரம் பொறுத்து, காபி நன்றாக இருக்கும் சமயத்தில் அடைத்தால் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். எடுத்ததும் குளிர் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உறைந்த கொட்டையையே அரைக்கலாம். குளிர்ந்த கொட்டை இன்னும் ஒரே சீரான அளவில் உடைகிறது என்று 2016ல் ஓர் ஆய்வும் வந்தது.

ஒவ்வொரு பையிலும் பெயரும் வறுத்த தேதியும் எழுதி ஒட்டுங்கள். முக்கோணச் சோதனைக்கு வேண்டுமென்றால் பெயருக்குப் பதில் எண் மட்டும் போட்டு, எந்த எண் எது என்ற குறிப்பை வேறு ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.